கோனா, ஆட்டமா: சிறுவர் கால்பந்தில் எந்தப் பயிற்சி முறைக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

12 பிள்ளைகள், 12 பந்துகள், 75 நிமிடம், கையில் ஒரு விசில். நன்றாக விளையாடியவராகவே இருந்தாலும், சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லை என்றால் முதல் நாள் மைதானத்தில் கை கால் ஓடாது. இணையத்தில் தேடினால் குழப்பம் இன்னும் கூடும். ஒருவர் தரையில் வைத்த கோன்களுக்கு (பிளாஸ்டிக் கூம்புகளுக்கு) நடுவே பந்தை ஓட்டச் சொல்கிறார். இன்னொருவர் கோனைத் தூக்கிப் போடு, விளையாட விடு என்கிறார். மூன்றாமவருக்கு, வட்டமாக நின்று பந்தைச் சுற்றவிடும் ரோண்டோ இல்லாமல் கால்பந்தே இல்லை. மூவருமே ஆளுக்கொரு பெரிய கிளப்பைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

என்னிடம் வந்து கேட்கும் புதுப் பயிற்சியாளர்கள் எல்லாரும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் சிக்கி நிற்கிறார்கள். 6 முதல் 13 வயது வரையான பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் பயிற்சி கொடுக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொழில்முறை கிளப் அகாடமிகள் வேறு உலகம், அதை இங்கே கலக்க வேண்டாம்.

முதலில் என் கதை. முதல் வருடம் நான் ட்ரில், அதாவது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் பயிற்சி, மட்டும்தான் செய்தேன். கோன்கள், ஒரே வரிசை, விசில் அடித்தால் அடுத்த ஆள். பார்க்க அழகாக இருக்கும். ஒரு நாள் ஒரு தந்தை தன் மகள் பயிற்சி எடுப்பதை 20 நிமிடம் செல்போனில் பிடித்து அனுப்பியிருந்தார், பெருமையாகத்தான். வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த 20 நிமிடத்தில் அவள் ஷூ லேஸை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினாள். முன்னால் நின்றவளின் பின்னலை இழுத்தாள். பந்து அவள் காலில் இருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் 1 நிமிடம் 40 விநாடி. வீடியோவின் ஓரத்தில் என் பை தெரிகிறது. அதற்குள் 11 பந்துகள் சும்மா கிடக்கின்றன.

அதற்குப் பிறகு எந்த முறையை யார் புகழ்ந்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதற்கு விலை கொடுப்பது யார்? எல்லா முறைக்கும் ஒரு விலை உண்டு. சிலதில் பிள்ளை கொடுக்கிறது, சிலதில் பயிற்சியாளர், சிலதில் வரிசையில் கடைசியாக நிற்கும் ஒரே ஒரு பிள்ளை.

## எதை வைத்து அளப்பது

பந்தோடு இருக்கும் நேரம். இது வெறும் கணக்கு. 12 பேர் ஒரே வரிசையில், ஒருவருக்கு 15 விநாடி என்றால், ஒரு பிள்ளையின் முறை மறுபடி வர 3 நிமிடம் ஆகும். 20 நிமிடத்தில் ஆறேழு முறை. மீதி 18 நிமிடம் நின்றுகொண்டிருப்பதுதான்.

எதிரே ஆள் இருக்கிறதா. கோன் காலை நீட்டாது, ஏமாறாது, தோளால் இடிக்காது. எப்போது பந்தை ஓட்டுவது, எப்போது பாஸ் கொடுப்பது என்ற முடிவை எதிராளி இருந்தால்தான் எடுத்துப் பழக முடியும். என்னைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றிலும் பெரிய அளவுகோல்.

கற்றது தங்குகிறதா. இன்றைக்கு நன்றாகச் செய்வதும் அடுத்த மாதம் போட்டியில் செய்வதும் வேறு வேறு. இந்த வேறுபாட்டைக் காட்டும் ஒரு சோதனையைக் கீழே சொல்கிறேன்.

கடைசிப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது. திறமையான இரண்டு பேர் எந்த முறையிலும் முன்னேறிவிடுவார்கள். முறையின் தரம் பதினோராவது, பன்னிரண்டாவது பிள்ளையிடம்தான் தெரியும். அந்தப் பிள்ளை அடுத்த வருடமும் வருமா என்பதும் இதில் அடக்கம்.

உங்களிடம் எவ்வளவு கேட்கிறது. இடம், பொருள், தயாரிப்பு, கூர்மையான கண். வேலை முடிந்து நேராக மைதானத்துக்கு வருகிறவரால் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து திட்டம் போட முடியாது. முடியும் என்று நினைத்துத் தொடங்கி, இரண்டே மாதத்தில் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

## வழி 1: திறன் ட்ரில்கள்

இந்த வழிக்கு மிகத் தெளிவான வடிவம் கொடுத்தவர் நெதர்லாந்தின் வீல் கூர்வர். 1974-ல் ஃபெயனூர்ட் அணியை, ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஈஎஃப்ஏ கோப்பை வெல்லவைத்த பயிற்சியாளர். பெரிய ஆட்டக்காரர்களின் படச்சுருள்களைப் போட்டுப் பார்த்து, அவர்கள் செய்யும் வித்தைகளைத் துண்டு துண்டாகப் பிரித்தால் எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம் என்று வாதாடினார். திறமை பிறவியிலேயே வருவது என்று பலர் நம்பிய காலத்தில் இது துணிச்சலான பேச்சு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் வழியில் வந்த பந்துப் பழக்கப் பயிற்சிகளில் ஆளுக்கொரு பந்து இருக்கும். வரிசையில் நிற்கவைத்தது அவர் அல்ல, என்னைப் போன்றவர்கள்தான்.

பலம்: பந்தைக் கண்டாலே பயப்படும் புதுப் பிள்ளைக்கு இது பெரிய உதவி. யாரும் பிடுங்க வராததால் காலடியில் பந்து எப்படி உருளும் என்று நிதானமாகத் தெரிந்துகொள்ளலாம். பலவீனமான காலைப் பழக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. ஒரு பிள்ளை தனியாக, வீட்டுச் சுவரோடும் செய்யலாம்.

மறைவான விலை: காத்திருப்பு முதலாவது, அதைப் பார்த்துவிட்டோம். இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் அது முன்னேற்றம் போலவே தெரியும். 1979-ல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனை இது. சிறிய மரத்தடைகளை மூன்று விதமான வரிசைகளில் கையால் வேகமாகத் தட்டிவிட வேண்டும். ஒரு குழு முதல் வகையைத் தொடர்ந்து செய்து முடித்த பிறகே அடுத்த வகைக்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து கலந்து செய்தது. பயிற்சியின்போது முதல் குழுதான் வேகம். ஆனால் பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள்தான் முன்னால் நின்றார்கள். கோன் வரிசையில் பத்தாவது தடவை அழகாகத் திரும்பும் பிள்ளை சனிக்கிழமை ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு முழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். "நேற்று நல்லா செஞ்சியேடா" என்று திட்டியும் இருக்கிறேன். தப்பு அவன் மேல் இல்லை.

மூன்றாவது, பெற்றோருக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஒழுங்கு, அமைதி, வரிசை. அந்தப் பாராட்டு நம்மை இதிலேயே கட்டிப்போட்டுவிடும்.

எப்போது இது சிறந்தது: முதல் சில வாரங்கள். ஒவ்வொரு செஷனிலும் முதல் பத்து நிமிடம், ஆளுக்கொரு பந்தோடு. அப்புறம், வீட்டுப்பாடமாக.

## வழி 2: சின்ன ஆட்டங்கள்

3-க்கு-3, 4-க்கு-4. சிறிய இடம், சிறிய கோல், அதிகமாகப் பந்து. இதன் வேர்கள் பல. 1982-ல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் பங்கர், தார்ப் என்ற இருவர், முதலில் திறன், பிறகு ஆட்டம் என்ற வரிசையைத் தலைகீழாக்கினார்கள். ஆட்டத்தில் தொடங்கு, எதற்கு ஒரு திறன் தேவைப்படுகிறது என்று பிள்ளைக்கே புரியட்டும், பிறகு அந்தத் திறனைச் சொல்லிக்கொடு என்றார்கள். அப்புறம் ஹார்ஸ்ட் வைன். ஹாக்கிப் பயிற்சியாளராக இருந்து கால்பந்துக்கு வந்த ஜெர்மானியர். அவருடைய ஃபுனினோ ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று பேர், இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு சிறிய கோல்கள்.

அந்த இரண்டாவது கோல் செய்யும் வேலையை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எட்டு வயதுப் பையன் ஒருவன் பந்தோடு வலது கோலை நோக்கிப் போனான். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் அடைத்து நின்றார்கள். நின்றான். பந்தின் மேல் உள்ளங்காலை வைத்தான். தலையைத் தூக்கினான். இடது கோல் காலியாக இருந்தது. பந்தைப் பின்னால் இழுத்து, உடம்பைத் திருப்பி, நடந்தே போய் உள்ளே தள்ளினான். உள்ளங்காலால் இழுத்துத் திரும்புவதை நான் முந்தைய வருடம் ஆறு வாரம் ட்ரில்லாகச் செய்யவைத்திருந்தேன், ஒருவனும் போட்டியில் செய்யவில்லை. இவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு கோல் அடைபட்டு இன்னொன்று திறந்திருந்தது, அவ்வளவுதான்.

பலம்: எண்ணிக்கையே பேசும். மான்செஸ்டர் யுனைடெட் அகாடமி 9 வயதுக்குட்பட்டோருக்கு 8-க்கு-8 ஆட்டத்தையும் 4-க்கு-4 ஆட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தது. சின்ன ஆட்டத்தில் பாஸ்கள் 135 சதவீதமும், கோல் முயற்சிகள் 260 சதவீதமும், ஒருவரை ஒருவர் எதிர்கொள்வது 225 சதவீதமும் கூடின. நாடுகளும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. 2000-ல் தானே இணைந்து நடத்திய யூரோவில் முதல் சுற்றிலேயே வெளியேறிய பெல்ஜியம், மிஷேல் சாப்லோன் தலைமையில் 2-க்கு-2, 5-க்கு-5, 8-க்கு-8 என்று வயதுப் படிகள் வைத்தது. 2015 நவம்பரில் ஃபிஃபா தரவரிசையில் முதலிடம், 2018 உலகக் கோப்பையில் மூன்றாமிடம். ஜெர்மனி 2024-25 பருவத்திலிருந்து 11 வயதுக்குட்பட்டோர் வரை சின்ன ஆட்ட வடிவங்களைக் கட்டாயமாக்கிவிட்டது.

மறைவான விலை: பெல்ஜியம் அந்த முதலிடத்துக்கு ஏறக்குறைய 15 வருடம் காத்திருந்தது. உங்களுக்கு 15 வருடம் கிடைக்காது, சில பெற்றோர் 15 நாள்கூடத் தரமாட்டார்கள். "சும்மா விளையாட விட்டுட்டு நிக்கிறீங்களே கோச்" என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். ஜெர்மனியிலும் பெரிய நிர்வாகிகள் சிலர், தோல்வியைத் தாங்கப் பிள்ளைகள் எப்படிக் கற்பார்கள் என்று கேலி செய்தார்கள். ஆக இங்கே முதல் விலையைப் பயிற்சியாளர் கொடுக்கிறார், தன் மானத்தில்.

ஆட்டத்துக்கு உள்ளேயும் ஒரு விலை இருக்கிறது. மூன்று பேரில் ஒருவன் புலியாக இருந்தால் மற்ற இருவரும் வேடிக்கை பார்ப்பார்கள். வலது கால் மட்டும் பழகியவன் வலது காலாலேயே எல்லாவற்றையும் சமாளித்துவிடுவான். நீண்ட பாஸ், கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தை அனுப்புவது), கோல்கீப்பர் வேலை ஆகியவை இந்த அளவில் ஏறக்குறைய வராது. இந்த முறையை மட்டும் பிடித்துக்கொண்டால் 12 வயதில் இந்த ஓட்டைகள் தெரியும்.

எப்போது இது சிறந்தது: 6 முதல் 10 வயது வரை, வேறு காரணம் இல்லாவிட்டால், இதுதான். பயிற்சியாளருக்கு அனுபவம் குறைவு என்றாலும் இதுதான், ஏனென்றால் உங்கள் தப்பை ஆட்டமே பாதி சரிசெய்துவிடும்.

## வழி 3: விதியை மாற்றிக் கற்பித்தல்

சின்ன ஆட்டத்தின் மூத்த பிள்ளை இது. கட்டளை போடாமல், ஆட்டத்தின் விதி, இடம், ஆள் கணக்கு இவற்றை மாற்றி, வேண்டிய நடத்தை தானாக வெளிவரும்படி செய்வது. இதற்குப் பின்னால் இருக்கும் சட்டகம் கார்ல் நியூவெல் 1986-ல் சொன்னது: ஒருவர் எப்படி அசைகிறார் என்பதை அவருடைய உடல், செய்யும் வேலை, சுற்றுச்சூழல் மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அதற்கும் முன்னால் 1920-களில் மாஸ்கோவில் நிகோலாய் பெர்ன்ஸ்டீன் கைதேர்ந்த தொழிலாளிகள் சுத்தியல் அடிப்பதைப் படம் பிடித்து ஆராய்ந்தார். சுத்தியல் ஒரே இடத்தில்தான் விழுகிறது, ஆனால் தோளும் முழங்கையும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி போகின்றன. கைதேர்ந்தவன் அசைவை நகல் எடுப்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடிக்கிறான். எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி உதைக்க வேண்டும் என்று துடிக்கும் பயிற்சியாளர்கள் இதை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் இது சுலபமாகவே தெரியும். பிள்ளைகள் எல்லாரும் நடுவில் குவிகிறார்களா? கோலை நடுவிலிருந்து எடுத்து இரண்டு ஓரங்களில் வையுங்கள். பந்தைப் பறிகொடுத்ததும் நின்று விடுகிறார்களா? ஐந்து விநாடிக்குள் திரும்பப் பிடுங்கினால் ஒரு புள்ளி.

பலம்: ஒரே செஷனில் திறமையான பிள்ளைக்கும் பின்தங்கிய பிள்ளைக்கும் வேறு வேறு கணக்குக் கொடுக்கலாம், யாருக்கும் தெரியாமல். கடைசிப் பிள்ளை என்ற அளவுகோலில் சரியாகச் செய்தால் மற்ற எல்லா வழிகளையும் இது ஜெயிக்கும்.

மறைவான விலை: "சரியாகச் செய்தால்." இடது காலைப் பழக்குவதற்காக ஒரு நாள் நான் இடது காலால் போட்ட கோல் மட்டும்தான் கணக்கு என்று விதி வைத்தேன். ஒரு பிள்ளை காலியான கோலுக்கு ஒரு மீட்டர் முன்னால், பந்து வலது காலில். பந்தை இடது பக்கம் மாற்றப் போய், சுற்றி, இன்னொரு தடவை சுற்றி, பறிகொடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கால்பந்தில் எந்த மடையனும் செய்யாத ஒன்றைச் செய்யக் கற்றுக்கொடுத்தது நான்தான். அடுத்த வாரம் இடது காலுக்கு இரண்டு புள்ளி, வலது காலுக்கு ஒன்று என்று மாற்றினேன், பிரச்சினை போய்விட்டது. தடுக்காதே, ஆசை காட்டு. ஐந்து பாஸ் கொடுத்த பிறகுதான் ஷூட் என்ற விதியும் இதே ரகம். நான்கு பாஸ்கள் சும்மா கடமைக்கு நடக்கும்.

நல்ல விதி ஒன்றைக் கண்டுபிடிக்க, பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள், எதைப் பார்க்கவில்லை என்று கவனிக்கும் கண் வேண்டும். அது வர எனக்கு மூன்று பருவம் ஆனது. அந்த மூன்று பருவமும் என் சோதனைக்கு ஆளானவர்கள் பிள்ளைகள்தான்.

எப்போது இது சிறந்தது: சின்ன ஆட்டங்களை ஒரு வருடமாவது நடத்திய பிறகு. 9 வயதுக்கு மேல். ஒரு செஷனுக்கு ஒரே ஒரு விதி.

## வழி 4: ரோண்டோவும் பொசிஷன் ஆட்டமும்

வட்டமாக நின்று பந்தைச் சுற்றவிட, நடுவில் இருப்பவர் பிடுங்க முயல்வது ரோண்டோ. மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்து யார் எந்தக் கட்டத்தில் நிற்பது என்று கற்பிப்பது பொசிஷன் ஆட்டம். பார்சிலோனா கிளப்பின் இளையோர் அகாடமியான லா மாசியாதான் எல்லாருக்கும் நினைவு வரும். 2010-ல் உலகின் சிறந்த வீரர் விருதுக்கான கடைசி மூவரும் அங்கே வளர்ந்தவர்கள்: மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி.

சரி, அவர்கள் பார்சிலோனாவுக்கு எந்த வயதில் வந்தார்கள்? சாவி 11, இனியெஸ்டா 12, மெஸ்ஸி 13. அதற்கு முன்னால் வேறு இடங்களில், வேறு விதமாக விளையாடி, ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் பொறுக்கியெடுக்கப்பட்டு அங்கே போனவர்கள். அந்தப் பாடத்திட்டத்தை 8 வயதுக்கு அப்படியே இறக்குவது வீட்டைக் கூரையிலிருந்து கட்டுவது போல.

பலம்: பந்து வருவதற்கு முன்பே சுற்றிப் பார்ப்பது, பந்தும் மைதானமும் ஒருசேரத் தெரியும்படி உடம்பைத் திறந்து நிற்பது, முதல் தொடுதலிலேயே பந்தை அடுத்த வேலைக்குத் தயாராக்குவது. இவற்றுக்கு ரோண்டோ அருமையான கருவி. பொசிஷன் தெரிந்த அணி உடனே ஜெயிக்கவும் செய்யும்.

மறைவான விலை: அந்த உடனடி வெற்றிதான் பொறி. 9 வயதில் ஒழுங்காக இடத்தில் நிற்கும் அணி, இன்னும் குவியலாக ஓடும் அணியைச் சுலபமாகத் தோற்கடிக்கும். கோப்பை வரும், பிள்ளைகள் சேர்வார்கள், பயிற்சியாளருக்குப் பெயர் வரும். இதற்கான ரசீது நான்கைந்து வருடம் கழித்து வேறு ஒருவருக்குப் போகும். உயரமாக இருந்ததால் 9 வயதிலேயே டிஃபெண்டர் ஆக்கப்பட்ட பிள்ளை 14 வயதில் மற்றவர்கள் வளர்ந்த பிறகு சராசரி உயரத்தில் நிற்கும், பந்தை ஓட்டி எதிராளியைத் தாண்டத் தெரியாமல். உயரம் மிக வேகமாகக் கூடும் கட்டம் பையன்களுக்குச் சராசரியாக 14 வயதை ஒட்டியும், பெண்பிள்ளைகளுக்கு 12-ஐ ஒட்டியும் வருகிறது. ஆனால் ஒரே வயதுப் பிரிவில் இது சிலருக்கு இரண்டு வருடம் முந்தும், சிலருக்குப் பிந்தும். பிந்தியவர்கள்தான் இந்த வழியில் பெஞ்சில் உட்காருவார்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் இதைப் பார்த்துத்தான் வயதுக்குப் பதிலாக உடல் முதிர்ச்சியை வைத்துப் பிள்ளைகளைக் குழுவாக்கும் போட்டிகளைச் சோதித்தது.

ரோண்டோவிலேயே சிறிய அநியாயம் ஒன்று உண்டு. பந்தை விட்டவர் நடுவுக்கு என்பது வழக்கமான விதி. அதனால் பலவீனமான பிள்ளைதான் எப்போதும் நடுவில் நாய் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும், பாஸ் பழக வேண்டியதும் அதுதான். நான் விதியை மாற்றிவிட்டேன்: 45 விநாடிக்கு ஒரு முறை ஆள் மாற்றம், யார் விட்டாலும்.

எப்போது இது சிறந்தது: 12 வயதுக்கு மேல், பெரிய மைதானத்துக்கும் 11 பேர் ஆட்டத்துக்கும் நகரும் காலத்தில். அப்போதுகூட ஒரு பருவத்தில் ஒரு பிள்ளை மூன்று இடத்திலாவது விளையாடட்டும்.

## வழி 5: தலையிடாமல் விட்டுவிடுவது

பயிற்சி என்றே இதைச் சொல்ல மாட்டார்கள். பந்தைக் கொடுத்து, அணி பிரிப்பது, விதி வைப்பது, சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அவர்களிடமே விட்டுவிடுவது. ஆகச் சிறந்த ஆட்டக்காரர்கள் பலர் தெருவில் இப்படித்தான் தொடங்கினார்கள் என்பது உண்மை. தெருவில் தொடங்கி எங்கேயும் போகாதவர்களை யாரும் எண்ணுவதில்லை என்பதும் உண்மை. விலையைக் கொடுப்பது கூச்சமுள்ள பிள்ளை, அதைக் கடைசியாகத்தான் அணிக்கு எடுப்பார்கள். தனி முறையாக இது போதாது, ஆனால் வாரத்தில் 20 நிமிடம் இதற்கு ஒதுக்குவது நல்லது.

இடம் சிறியது, தரை கடினம் என்றால் ஃபுட்சாலையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். 1930-ல் உருகுவேயின் மான்டிவீடியோவில் ஜுவான் கார்லோஸ் செரியானி உருவாக்கிய ஐவர் ஆட்டம். அதிகம் எம்பாத, சற்றுச் சிறிய பந்து என்பதால் பந்து காலடியிலேயே கிடக்கும், பிள்ளைகள் பயமில்லாமல் ஓட்டுவார்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பந்தோடு நேரம் | முடிவெடுக்கும் வாய்ப்பு | பயிற்சியாளருக்கு வேலை | விலை யார் தலையில் | பொருந்தும் கட்டம் |
|---|---|---|---|---|---|
| திறன் ட்ரில் | வரிசையில் மிகக் குறைவு, ஆளுக்கொரு பந்தில் மிக அதிகம் | ஏறக்குறைய இல்லை | குறைவு | காத்திருக்கும் பிள்ளை | தொடக்க வாரங்கள், வீட்டுப் பயிற்சி |
| சின்ன ஆட்டம் | அதிகம் | மிக அதிகம் | குறைவு, ஆனால் பொறுமை வேண்டும் | பயிற்சியாளரின் மானம் | 6–10 வயது |
| விதி மாற்றம் | அதிகம் | மிக அதிகம் | மிக அதிகம் | தவறான விதிக்குப் பலியாகும் பிள்ளை | 9 வயதுக்கு மேல் |
| ரோண்டோ, பொசிஷன் | நடுத்தரம் | நடுத்தரம் | அதிகம் | தாமதமாக வளரும் பிள்ளை | 12 வயதுக்கு மேல் |
| சுதந்திர ஆட்டம் | சீரற்றது | அதிகம் | இல்லை | கூச்சமுள்ள பிள்ளை | எல்லா வயதும், துணையாக |

## முறை எதுவானாலும்

இரண்டு விஷயங்களில் பேரம் வேண்டாம். ஒன்று, வார்ம்அப். ஃபிஃபா 11+ கிட்ஸ் என்ற 15–20 நிமிடப் பயிற்சித் தொகுப்பை நான்கு ஐரோப்பிய நாடுகளில் 7 முதல் 13 வயது வரையான சுமார் 3,900 பிள்ளைகளிடம் சோதித்ததில் காயங்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தன. ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து இறங்குவது, விழப் பழகுவது என்று பொருள் எதுவும் தேவைப்படாத பயிற்சிகள்தான். இரண்டு, தலையால் முட்டுவது. அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2015-லேயே 10 வயதுக்குட்பட்டோருக்கு அதைத் தடை செய்தது. இங்கிலாந்தில் 2020-லிருந்து தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெடிங் கூடாது. நான்கு மினி கோல் ஆட்டத்தில் பந்து மேலே எழும்புவதே அரிது என்பதால் இந்தக் கவலை பெரும்பாலும் தானே தீர்ந்துவிடும்.

## உங்கள் நிலைமைக்கு எது

6–8 வயது, நீங்கள் புதியவர். பத்து நிமிடம் ஆளுக்கொரு பந்து, மீதி நேரம் 3-க்கு-3. வேறு எதையும் படிக்க வேண்டாம்.

9–11 வயது, திறமையில் பெரிய ஏற்றத்தாழ்வு. சின்ன ஆட்டங்களை அடித்தளமாக வைத்து, ஒரு செஷனுக்கு ஒரு விதி மாற்றம். புலி மாதிரி ஆடுகிறவனுக்கு மட்டும் ரகசியமாக ஒரு கணக்குக் கொடுங்கள்: நீ கோல் போட்டால் ஒன்று, உன் பாஸில் அடுத்தவர் போட்டால் மூன்று.

12–13 வயது, அடுத்த வருடம் பெரிய மைதானம். ரோண்டோவையும் பொசிஷனையும் கொண்டுவரலாம், செஷனின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல்.

25 பிள்ளைகள், நீங்கள் ஒருவரே. இங்கேதான் எல்லாரும் வரிசை ட்ரில்லில் விழுவார்கள், நானும் விழுந்தேன். நான்கு சிறிய மைதானம் போட்டு ஒரே நேரத்தில் நான்கு ஆட்டம் ஓடவிடுங்கள். கோலுக்கு இரண்டு ஷூ போதும். மிஞ்சும் ஒருவர் ஏதாவது ஒரு ஆட்டத்தில் பந்து வைத்திருக்கும் அணிக்கெல்லாம் சேர்ந்து ஆடும் பொது ஆள்.

ஒரே ஒரு பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். ட்ரில்தான் வழி. ஆனால் நீங்களே டிஃபெண்டராக எதிரே நில்லுங்கள், கோனை நிறுத்தாதீர்கள்.

இப்போது என் 75 நிமிடம் ஏறக்குறைய இப்படிப் போகிறது: 15 நிமிடம் வார்ம்அப், 10 நிமிடம் ஆளுக்கொரு பந்து, 20 நிமிடம் சின்ன ஆட்டம், 15 நிமிடம் அதே ஆட்டம் ஒரு விதி மாற்றத்தோடு, கடைசி 15 நிமிடம் அவர்கள் இஷ்டம். நான் பேசும் நேரம் மொத்தமாக ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அன்றைய செஷன் கெட்டது என்று குறித்துக்கொள்கிறேன்.

"எப்போ கோச் ஒழுங்கா ட்ரில் ஆரம்பிப்பீங்க" என்று பெற்றோர் யாராவது கேட்டால் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் உங்கள் பிள்ளை எத்தனை தடவை பந்தைத் தொடுகிறது என்று கோடு போடச் சொல்கிறேன். பெரும்பாலும் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். போன பருவத்தில் ஒரு அம்மா மட்டும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீங்க சொன்னது சரிதான், ஆனா நீல மேல்சட்டை போட்ட அந்தக் குட்டிப் பையனுக்கு நாலே கோடுதான் வந்திருக்கு, எம்பிள்ளைக்கு முப்பத்தொண்ணு" என்றார். எண்ணச் சொன்னது அவர் பிள்ளையை மட்டும், அவர் இருவரையும் எண்ணியிருக்கிறார். அடுத்த செஷனிலிருந்து ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை பிள்ளைகளை மைதானம் மாற்றுகிறேன். ஒருபோதும் ஒரே புலியோடு ஒரே பிள்ளை சிக்கிக்கொள்ளாத மாதிரி.